தோட்டத்தின் மேல் எழுந்த கல்வி நகரம்



இம்மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் இலக்கியமும் இலக்கணமும் பேசப்படுவதே வழக்கம். இன்று நாம் ஒரு நகரத்தைப் பேசுபொருளாக எடுத்துக்கொண்டோம். சிலாங்கூர் மாநிலத்தின் சுபாங் ஜெயாவே அந்நகரம். வசதியுள்ள குடும்பங்கள் வாழும் புறநகர் அது. நாடெங்குமிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் மாணவர் வந்து சேரும் கல்லூரி நகரும் அதுவே. சி ரூசாவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் நமக்கு அந்நகரோடு என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இரண்டு உண்டு. அந்நகர் நிற்கும் நிலம் நம்மைப் போன்ற தோட்ட மக்கள் பால்வெட்டிய நிலம் என்பது ஒன்று. அங்கு நேர்ந்த மாற்றம் இப்போது நம் நெகிரி செம்பிலான் மாநிலத்திலும் நேர்ந்து வருகிறது என்பது மற்றொன்று. ஆகவே சுபாங் ஜெயாவின் வரலாற்றை அறிவது, நம் பிள்ளைகளின் நாளையை எண்ணிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

நகரம் உருவான வகை

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கிச் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையில், பெட்டாலிங் ஜெயாவுக்கும் ஷா ஆலத்துக்கும் இடையே அமைந்துள்ளது சுபாங் ஜெயா. முன்னர் அவ்விடம் சீஃபீல்டு தோட்டம் எனப்பட்டது. 1976 பிப்ரவரியில் அங்கு வீடமைப்புப் பணி தொடங்கியது. தோட்டம் நகராக மாறியது அதுவே முதன்முறை அன்று. 1952இல் பெட்டாலிங் ஜெயாவைக் கட்டத் தொடங்கியபோதும் எஃபிங்ஹம் என்னும் ரப்பர்த் தோட்டத்தின் ஏறத்தாழ 1,200 ஏக்கர் நிலமே அதற்கு அடித்தளமாயிற்று. தலைநகர் விரிய விரிய, அதன் அருகிலிருந்த தோட்டங்களின் நிலமதிப்பு ரப்பரின் விலையை விஞ்சி உயர்ந்தது. மரத்திலிருந்து வடியும் பாலைவிட மரம் நிற்கும் மண் மிகுந்த வருவாய் தரும் நிலை வந்ததும், தோட்டம் நெடுநாள் தோட்டமாக நீடிப்பதில்லை.

சுபாங் ஜெயாவை அமைத்த நிறுவனம் யு.இ.பி. என்னும் மூன்றெழுத்தால் அறியப்பட்டது. அம்மூன்றின் நடுவெழுத்து ‘எஸ்டேட்ஸ்’, அதாவது ‘தோட்டங்கள்’ என்னும் சொல்லைக் குறிப்பது. 1988 முதல் வளர்ந்த நகரின் தென்பகுதிக்கு யு.எஸ்.ஜே. என்று பெயர், அது ‘யு.இ.பி. சுபாங் ஜெயா’ என்பதன் சுருக்கம். அங்கு வாழ்வோர் தம் முகவரியை எழுதுந்தோறும் அம்முதலெழுத்தினுள்ளே தோட்டமும் மறைந்து நிற்கிறது. அதனை அறிந்து எழுதுவோர் சிலரே.

செல்வம் அங்கு வந்து சேர்ந்ததற்குக் காரணங்கள் தெளிவானவை. 1965இல் சுபாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. நெடுஞ்சாலை கோலாலம்பூரையும் கிள்ளான் துறைமுகத்தையும் இணைத்தது. பெட்டாலிங் ஜெயாவிலும் ஷா ஆலத்திலும் தொழிற்சாலைகள் பெருகின. அங்கெல்லாம் பணிபுரிந்த மாதச் சம்பளக்காரர்களும் மேலாளர்களும் வங்கிக் கடன் பெற்று வீடு வாங்கத்தக்க ஊராகச் சுபாங் ஜெயா திட்டமிடப்பட்டது. 1985இல் தனியார் மருத்துவமனையும், 1988இல் சுபாங் பரேட் பேரங்காடியும் திறக்கப்பட்டன. 1997இல் அதற்கெனத் தனி நகராண்மைக் கழகம் அமைந்தது. 2020 அக்டோபர் 20ஆம் நாள் அது மாநகர் மன்றமாக உயர்ந்தது. ஒரு தோட்டத்தில் வீடுகள் கட்டத் தொடங்கி நாற்பத்து நான்கு ஆண்டுகளில் மாநகர்த் தகுதி கிட்டிவிட்டது.

கல்லூரிகள் வந்த வகை

ஆசிரியர்கள் ஊன்றிக் கவனிக்கத் தக்கது இப்பகுதி. 1980களில் நம் நாட்டின் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடங்கள் குறைவு. வசதியுள்ள பெற்றோர் பிள்ளைகளைப் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினர். அச்செலவைக் குறைக்கத் தனியார் கல்லூரிகள் ஒரு வழி கண்டன. பட்டப்படிப்பின் தொடக்க ஆண்டுகளை இங்கே கற்று, எஞ்சியதை அயல்நாட்டில் முடிக்கும் இணைப்புப் படிப்புகளே அவ்வழி. 1969இல் கோலாலம்பூரில் தோன்றிய டெய்லர்ஸ் கல்லூரி பின்னர்ச் சுபாங் ஜெயாவின் எஸ்.எஸ்.15 பகுதிக்கு வந்தது. 1987இல் தொடங்கிய சன்வே கல்லூரி, அடுத்துள்ள பண்டார் சன்வேயில், கைவிடப்பட்ட ஈயச் சுரங்க நிலத்தில் அமைந்தது.

1996இல் தனியார் உயர்கல்விச் சட்டம் நிறைவேறியது. தனியார் பல்கலைக்கழகங்களும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகக் கிளைகளும் இங்கு அமைய அது வழி திறந்தது. அடுத்த ஆண்டே ஆசிய நாணய நெருக்கடி வந்தது. ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ இரண்டரை வெள்ளியாக இருந்த மாற்று மதிப்பு நான்கு வெள்ளிக்கு மேல் சென்று, 1998 செப்டம்பரில் 3.80 வெள்ளியென நிலைநிறுத்தப்பட்டது. பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்ப எண்ணிய பெற்றோர் பலர் உள்நாட்டுக் கல்லூரிகளை நாடினர். அதே 1998இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் பண்டார் சன்வேயில் தன் கிளையை நிறுவியது. நம் நாட்டில் அமைந்த முதல் அயல்நாட்டுப் பல்கலைக்கழகக் கிளை அதுவே.

கல்லூரி ஒரு நகருக்கு வந்தால் அதைச் சுற்றி ஒரு தனி வாணிகம் வளர்கிறது. வீட்டுக்காரர் அறைகளை வாடகைக்கு விடுகின்றனர். உணவுக்கடைகள் நள்ளிரவு கடந்தும் திறந்திருக்கின்றன. நகலெடுக்கும் கடை, புத்தகக்கடை, துணி வெளுக்கும் கடை எனத் தெருக்கள் நிறைகின்றன. 2016 ஜூனில் இலகு ரயில் தடம் நீட்டிக்கப்பட்டபோது எஸ்.எஸ்.15இல் ஒரு நிலையமே அமைந்தது. கல்லூரியால் வீட்டின் விலை உயர்கிறது. வீட்டின் விலை உயர்வதால் வசதியுள்ளோரே அங்குக் குடியேறுகின்றனர். அவர்தம் பிள்ளைகளே அக்கல்லூரிகளை எளிதில் அடைகின்றனர். இச்சுழற்சியே ஒரு கல்லூரி நகரை வளமான நகராக்குகிறது.

தோட்டத்து மக்கள் என்னவாயினர்

சீஃபீல்டில் பால்வெட்டிய குடும்பங்கள் இச்சுழற்சியில் எங்கே நின்றன? இதற்கு விடை காணத் தோட்ட வாழ்வின் அமைப்பை நினைவிற்கொள்ள வேண்டும். தோட்டத்தில் வீடு தொழிலாளிக்குச் சொந்தமன்று. வேலையோடு ஒட்டிய லயம் அது. வேலை போனால் வீடும் போகும். நாட்கூலி பெற்றவர்க்கு நிலப்பட்டா இல்லை. வங்கி கேட்கும் மாதச் சம்பளச் சான்றும் இல்லை. ஆதலால் தாம் வெட்டிய மரங்கள் சாய்க்கப்பட்டு அங்கு வீடுகள் எழுந்தபோது, அவ்வீடுகளை வாங்கும் வரிசையில் அவர்களால் நிற்க இயலவில்லை. நிலத்தின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. அந்த உயர்வில் அந்நிலத்தில் மூன்று தலைமுறை உழைத்தோர்க்குப் பங்கு இல்லை. இது சீஃபீல்டுக்கு மட்டும் உரிய கதை அன்று. நகரத்தை ஒட்டியிருந்த தோட்டங்கள் பலவற்றின் கதையும் இதுவே.

எஞ்சியவை இரண்டு. ஒன்று, சீஃபீல்டு தமிழ்ப்பள்ளி; அது இன்றும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நகரினுள் இயங்குகிறது. மற்றொன்று, 1891இல் தோன்றியதாகக் கூறப்படும் சீஃபீல்டு ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். அவ்வாலயம் நின்ற நிலத்தைப் பற்றிய வழக்கு நெடுங்காலம் நீடித்தது. 2018 நவம்பரில் அங்குக் கலவரம் மூண்டதும், அதில் காயமுற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் டிசம்பரில் உயிர்நீத்ததும் நாடே துயருற்ற நிகழ்ச்சிகள். அதன் வழக்குரைகளுள் நாம் இங்குப் புகவில்லை. ஒன்றை மட்டும் எண்ணிப் பார்ப்போம். நிலத்தின் மேல் எழுத்தில் உரிமை இல்லாத மக்களுக்குப் பள்ளியும் கோயிலுமே தாம் அங்கு வாழ்ந்ததற்குச் சான்றாகின்றன. சான்று அவ்விரண்டாகச் சுருங்கும்போது அதன்மீது விழும் சுமை மிகப் பெரிது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று உண்டு. கல்வி நகரத்தின் அருகில் இருந்தால் கல்வி தானே வந்து சேரும் என்பது உண்மையன்று. சீஃபீல்டு அதன் அருகில் இருக்கவில்லை. அதன் நடுவிலேயே இருந்தது. லயத்திற்கும் கல்லூரிக்கும் இடையே தொலைவு சிறிதே. அத்தொலைவைக் கடக்கப் பணமும் மொழியும் தகவலும் வேண்டியிருந்தன.

மொழி என்னும் வாயில்

பணத்தைப் பற்றி எல்லாரும் பேசுகின்றனர். மொழி மன்றத்தினராகிய நாம் மொழியைப் பற்றிச் சற்று விரித்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம். தோட்டத்துப் பிள்ளை ஒன்று பட்டதாரியாக வேண்டுமானால் மூன்று மொழி வாயில்களைக் கடக்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் தமிழ்வழி கற்கிறது. இடைநிலைப் பள்ளியில் பாடங்கள் மலாய்மொழிக்கு மாறுகின்றன. தனியார் கல்லூரியை அடைந்தால் அங்கு விரிவுரை ஆங்கிலத்தில். பதின்மூன்றாம் வயதில் ஒருமுறை, பதினெட்டில் மறுமுறை எனப் பயிற்றுமொழி இருமுறை மாறுகிறது. நகரத்து வீட்டில் ஆங்கிலம் பேசி வளரும் பிள்ளைக்கு இரண்டாம் மாற்றம் ஒரு பொருட்டன்று. தோட்டத்துப் பிள்ளைக்கோ ஒவ்வொரு மாற்றமும் ஒரு தேர்வு. பழைய புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்தவர்க்கு அதன் வலி தெரியும்.

இதனைக் காட்டித் தமிழ்ப்பள்ளியே தடை என்று கூறுவோர் உளர். நாம் அதற்கு உடன்படவில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைய வேண்டும் என்று விதித்தது. அப்பள்ளிகள் பலவும் ஓரறைக் கொட்டகைகளாக இருந்தன. ஓரிரு ஆசிரியரே எல்லா வகுப்புகளையும் நடத்தினர். குறை அங்குக் கற்பித்த மொழியில் இல்லை. அங்குச் செலவிடப்படாத பணத்தில் இருந்தது. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்று இருபதுக்குச் சற்று மேல். எஞ்சியிருப்பவற்றில் பயிலும் பிள்ளை ஒரு நீண்ட உரைநடைப் பகுதியைத் தமிழில் படித்து, அதன் கருத்தைத் தொகுத்து, காரணம் காட்டி எழுதப் பழகிவிட்டால், அத்திறன் மலாய்மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் அப்பிள்ளையோடு செல்லும். சொற்களை மனனம் செய்து மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கு, மொழி மாறியதும் கையில் ஒன்றும் மிஞ்சாது. தமிழாசிரியர் நடத்தும் கருத்துணர்தல் பாடம் கல்லூரி வாயிலுக்கான முதற்படி என்பதை நாம் உணர்ந்து கற்பித்தல் வேண்டும்.

முன்னோர் கண்ட வழி

பணம் இல்லாத மக்கள் பணத்தின் தடையை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்றுகள் உள. 1950களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் அமைவதற்காகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். தொழிலாளரும் ஆசிரியரும் சிறு வணிகரும் தம்மால் இயன்றதை ஈந்தனர். 1956இல் அப்பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தோன்றியது. தம் வாழ்நாளில் பல்கலைக்கழக வாயிலை மிதிக்க வாய்ப்பில்லாதோரும் அங்குள்ள நூலகத்திற்குப் பொருள் தந்தனர் என்பதை மாணவர்கள் மறத்தலாகாது.

தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு மக்கள் வேலையும் வீடும் இழந்த காலத்தில், 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் தம் கூலியிலிருந்து மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்திப் பங்குதாரர் ஆயினர். கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. பின்னர் எம்.ஐ.இ.டி. அறநிதியின் முயற்சியால் நம் சிரம்பானில் டேஃப் கல்லூரியும், 2001இல் கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் அமைந்தன. இம்முயற்சிகளின் நிறைகுறைகளை ஆராய்வோர் ஆராயலாம். தனியொருவரால் இயலாததைச் சிறு தொகைகளின் கூட்டு இயலச் செய்தது என்பதில் ஐயமில்லை.

நீலாயும் சி ரூசாவும்

இனி நம் மாநிலத்திற்கு வருவோம். 1998 ஜூனில் சிப்பாங்கில் புதிய பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. முன்னர்ச் சுபாங் விமான நிலையம் சுபாங் ஜெயாவுக்குச் செய்ததை இது நீலாய் வட்டாரத்திற்குச் செய்தது. அதே ஆண்டில் இந்திக் கல்லூரியின் வளாகம் நீலாயில் அமைந்தது. இன்று யுசிம் என அறியப்படும் மலேசிய இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகமும் அவ்வாண்டில் தோன்றி இன்று நீலாயில் இயங்குகிறது. நீலாய்ப் பல்கலைக்கழகமும் அங்குண்டு. அருகிலுள்ள பண்டார் என்ஸ்தெக்கில் 2014இல் எப்சம் கல்லூரியின் மலேசியக் கிளை திறக்கப்பட்டது. துங்கு குர்ஷியா கல்லூரியும் அங்கேயே உள்ளது. ரப்பரும் செம்பனையும் நின்ற வட்டாரத்தில் மீண்டும் ஒரு கல்லூரி நகரம் எழுந்துள்ளது. சுபாங் ஜெயாவில் நேர்ந்ததை அறிந்த நாம் இம்முறை ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

நீலாய்க்குச் செல்லுமுன் நம் வாசலையும் பார்ப்போம். சி ரூசாவின் கடற்கரைச் சாலையில், 14ஆம் கிலோமீட்டரில், 1990இல் தோன்றிய போர்ட்டிக்சன் பல்தொழில்நுட்பக் கல்லூரி நிற்கிறது. மின்னியல், இயந்திரவியல், கட்டுமானவியல், வாணிகம் ஆகிய துறைகளில் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் டிப்ளோமா கற்க அங்கு இடமுண்டு. அரசாங்கக் கல்லூரியாதலால் கட்டணம் தனியார் கல்லூரியின் கட்டணத்தைவிட மிகக் குறைவு. சுவா பெத்தோங், சுங்காலா, அதர்ட்டன், லிங்கி முதலிய தோட்டங்களின் தமிழ்ப்பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளுக்கு இதனினும் அருகிலுள்ள உயர்கல்வி வாயில் வேறில்லை. அவ்வாயிலில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் நுழைகின்றனர் என்பதை ஒவ்வொரு பள்ளியும் தன் பழைய மாணவர் பட்டியலை வைத்து எண்ணிப் பார்க்கட்டும்.

நாம் செய்யத் தக்கவை

மூன்றாம் தடை தகவல். இதனை நீக்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஆசிரியர் மனம் வைத்தால் போதும். அரசாங்க உயர்கல்விக்கு யு.பி.யு. வழி விண்ணப்பிக்கும் காலம் குறுகியது. தவறவிட்டால் ஓராண்டு போயிற்று. 1997இல் அமைந்த பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனுக்கும் முன்னரே கணக்குத் திறக்க வேண்டிய நடைமுறை உண்டு. தனியார் கல்லூரி எதுவாயினும், சேரும் படிப்புக்கு மலேசியத் தகுதிமுறை அமைப்பின் அங்கீகாரம் உள்ளதா என்று முதலில் பார்த்தல் வேண்டும். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குக் கடன் வாங்கிய குடும்பத்திற்குக் கடன் மட்டுமே மிஞ்சும். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் உள்ளது கல்லூரியின் பெயர். சிறிய எழுத்தில் உள்ளவையே நிபந்தனைகள். அச்சிறிய எழுத்தைப் படிக்கக் கற்பிப்பதும் மொழிப்பாடமே. நான்காம் படிவத்திலேயே இவற்றைப் பெற்றோர்க்குத் தமிழில் விளக்கும் ஒரு மாலைக் கூட்டத்தை நம் பள்ளிகள் ஆண்டுதோறும் நடத்தலாம்.

மாணவர்களுக்கும் ஒரு பணி உண்டு. சீஃபீல்டு நகரானபோது அங்கு வழங்கிய சொற்களும் கலைந்தன. நிரையும் தீம்பாரும் இருந்த இடத்தில் எண்களே தெருப்பெயர்களாயின. நம் தோட்டங்களில் அச்சொற்களை அறிந்த முதியோர் இன்னும் உளர். பெரட்டு, மங்கு, கட்டிப்பால், கோட்டுப்பால், ஆயாக்கொட்டகை, தண்டல், கிராணி என்னும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு வாழ்க்கை முறையைச் சுமந்து நிற்கின்றன. உங்கள் பாட்டன் பாட்டிமாரிடம் கேட்டு, சொல், பொருள், அது வழங்கிய தோட்டம், சொன்னவர் செய்த வேலை ஆகியவற்றை ஏட்டில் எழுதுங்கள். எந்தத் தீம்பாரில் எத்தனை லயம் இருந்தது, பள்ளி எங்கே நின்றது, கிணறு எங்கே இருந்தது என்பதையும் வரைபடமாகத் தீட்டுங்கள். நிலம் கைமாறும் நாளில் பள்ளியும் கோயிலும் மட்டுமே சான்றாக நிற்க வேண்டிய நிலை நமக்கு வாராதிருக்க, எழுத்தும் சான்றாகட்டும்.

சுபாங் ஜெயா ஓர் அழகிய நகரம். அங்கு வளர்ந்த கல்வியால் நாடு பயனுற்றது. அதனைப் பழிக்க நாம் இங்குக் கூடவில்லை. அத்தகைய நகரங்கள் நம் மாநிலத்திலும் எழும், எழட்டும். அவற்றின் விரிவுரை மண்டபங்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் மாணவராய் அமர வேண்டும், விரிவுரையாளராயும் நிற்க வேண்டும் என்பதே நம் விழைவு. அதற்கான ஆயத்தம் நம் வகுப்பறைகளில் இவ்வாண்டே தொடங்க வேண்டும்.